காற்றுக்கு 20, தண்ணீருக்கு 20

கோடையில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: "காலையில வெயிலுக்கு முன்னாடி போ, இல்லன்னா சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போ, ரெண்டும் ஒண்ணுதான்." கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. கரையில் நிற்கிற மனிதனுக்கு இரண்டும் ஒன்றுதான். தலையில் வெயில் இல்லை, காற்றும் குளுமை. ஆற்றுக்குள் இருக்கும் மீனுக்கு இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசூலா நகரத்துக்குக் கீழே ஓடும் கிளார்க் ஃபோர்க் ஆற்றை வைத்து இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கே சாயங்காலம் 7 மணிக்குக் கார்கள் வந்து நிற்பதும், ஆட்கள் கோலைப் பூட்டிக்கொண்டு சந்தோஷமாக ஆற்றில் இறங்குவதும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பிடித்த மீனை எல்லாம் திரும்ப விடுகிறவர்கள்தான். விட்ட மீன் பிழைத்ததா என்பதுதான் கேள்வி.

வெயில் தாழ்ந்தால் ஆறும் ஆறிவிடும் என்று நினைப்பதில்தான் கோளாறு. தண்ணீர் மெதுவாகச் சூடேறும், அதைவிட மெதுவாக ஆறும். பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் படுகைக் கற்களும் பிடித்து வைத்திருக்கும். கிளார்க் ஃபோர்க் அளவுள்ள ஆற்றில் தண்ணீர் உச்சச் சூட்டைத் தொடுவது மாலை 5, 6 மணி வாக்கில். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அடிமட்டத்துக்கு வரும். ஆக, சாயங்காலம் 7 மணி என்பது மீனுக்கு நடுப்பகலை விட மோசமான நேரம். மொன்டானாவின் மீன், வனவிலங்கு, பூங்காத் துறைக்கு இது நன்றாகத் தெரியும். ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 செல்சியஸைத் தொட்டால் 'ஹூட் அவுல்' என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவருவார்கள்: பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது. நள்ளிரவு வரை என்பதைக் கவனிக்க வேண்டும். சாயங்காலம் பத்திரமான நேரம் என்றால் அந்தத் தடையை 6 மணியோடு முடித்திருக்கலாமே. தொடங்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. கோடைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதாலும், மிசூலா தன் நேர மண்டலத்தில் வெகு மேற்கே இருப்பதாலும், ஆகஸ்ட் நடுவில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே சுமார் 1:40க்குத்தான்.

எனவே இங்கே கோடை என்றால் காலைதான். அந்தக் காலைக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. இரண்டையும் சொல்வது ஒரே எண். காற்று 20 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மீன்பிடி தொடங்குகிறது. தண்ணீர் 20ஐத் தொடும்போது முடிகிறது. நடுவில் இருக்கும் நேரம் சில நாள் மூன்று மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம்.

ட்ரைகோ விழும் நேரம்

ஆகஸ்டு காலையில் இந்த ஆற்றுக்கு ஆட்களை வரவைப்பது ட்ரைகோ என்கிற மேஃப்ளை, அதாவது நீரில் வளர்ந்து இறக்கையோடு வெளிவரும் சின்னப் பூச்சி. உடம்பு 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். வால் மூன்று, மற்ற பல மேஃப்ளைகளுக்கு இருக்கும் சின்னப் பின்னிறக்கை இதற்குக் கிடையாது. பாசியும் வண்டலும் சேர்ந்த நிதானமான நீரில் வளரும். ஆண்பூச்சிகள் இருட்டிலேயே தண்ணீரை விட்டு வெளியேறிவிடும், பெண்பூச்சிகள் விடிந்த பிறகு. கரைச்செடிகளில் உட்கார்ந்து இன்னொரு முறை தோலுரித்து, இறக்கை பளிங்காகத் தெளிந்த பிறகு, கரையோர மரங்களின் உயரத்தில் கூட்டமாக ஏறி இறங்கும். சாய்ந்த வெயிலுக்கு எதிராகப் பார்த்தால்தான் அந்தக் கூட்டம் கண்ணுக்குத் தெரியும். கூடலும் முட்டையிடலும் முடிந்ததும் இறக்கையை விரித்தபடி தண்ணீரில் விழுந்து சாகும். இப்படி விழுந்து மிதப்பதுதான் ஸ்பின்னர். ஆயிரக்கணக்கில் விழும். ஒவ்வொன்றிலும் மீனுக்குக் கிடைக்கும் தீனி மிகக் கொஞ்சம், ஆனால் துரத்த வேண்டியதில்லை, தப்பிக்கவும் தப்பிக்காது. அதனால் 40 செ.மீ. மீன்கூட மூக்கை நீர்மட்டத்துக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உறிஞ்சி விழுங்கும்.

காற்று 20 டிகிரியைத் தொடும் நேரத்தில் விழத் தொடங்கும் என்பது ட்ரைகோ உள்ள ஆறுகளில் பழகியவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. கடிகாரத்தை நம்பினால் ஏமாற்றம்தான். ராத்திரி புழுக்கமாக இருந்தால் காலை 8 மணிக்கே விழுந்துவிடும். விடியற்காலை 6, 7 டிகிரிக்குப் போன நாளில் 10:30, 11 ஆகலாம். காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கை மூடியிருந்தால் வெயில் ஏறத் தாமதமாகும், பூச்சியும் தாமதிக்கும். இதில் மீனுக்குச் சாதகமான ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆறு சூடாக இருக்கும் வாரங்களில்தான் பூச்சி சீக்கிரம் விழுகிறது, அதாவது தண்ணீர் அன்றைய அடிமட்டச் சூட்டில் இருக்கும்போதே. பூச்சி தாமதமாக விழும் நாட்களில் தண்ணீரும் குளிர்ந்தே இருக்கும். ஸ்பின்னரோடு வந்து ஸ்பின்னரோடு கிளம்புகிறவருக்குத் தெர்மாமீட்டர் அபூர்வமாகத்தான் குறுக்கே வரும். சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகும் நிற்பவருக்கு.

6:40 வாக்கில் சூரியன் உதிக்கும். அதற்கு முன்பே ஆற்றங்கரைக்கு வந்துவிடுவது நல்லது, அவசரமாக இறங்க அல்ல, பார்க்க. மொன்டானாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலம் மாதிரியான பொது இடத்தின் வழியாக ஆற்றுக்குள் வந்துவிட்டால், கரை யாருடைய நிலமாக இருந்தாலும் வழக்கமான வெள்ளக் கோட்டுக்குள் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். அதனால் கூட்டம் நிற்கும் இடத்தை விட்டு நடந்து போவது எளிது. தேட வேண்டியது வேகமான நீர் முடிந்து நிதானப்படும் இடத்தின் ஓரம், உள்வளைவு, நுரை கோடாக ஒதுங்கும் இடம். செத்த பூச்சிகளை ஆறே கூட்டிக் கொண்டுவந்து சேர்க்கும் இடங்கள் இவை. மீன்கள் அங்கே ஆறு, எட்டு, பத்து என்று வரிசை கட்டி நிற்கும். முதல் வெப்ப அளவை இப்போதே எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முள், நரம்பு, வீச்சு

9 அடி நீளம், 4ஆம் எண் கோல் போதும். காற்று அடிக்கும் பள்ளத்தாக்கில் 5ஆம் எண் தாங்கும். மிதக்கும் லைன், அதாவது வீசுவதற்கான தடித்த கயிறு. அதன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு லீடர், அதன் கடைசித் துண்டு டிப்பட். லீடரும் டிப்பட்டும் சேர்த்து 12 அடி. டிப்பட் நரம்பின் தடிமனுக்கு ஒரு சுலபமான கணக்கு: 11லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது 0.15 மி.மீ.; 6எக்ஸ் 0.127, 7எக்ஸ் 0.10. ட்ரைகோவுக்கு 7எக்ஸ் கட்டச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். ஆகஸ்டில் அதை நான் ஏற்கமாட்டேன். 7எக்ஸில் மாட்டிய பெரிய மீனைப் பயந்து பயந்து ஐந்தாறு நிமிடம் இழுக்க வேண்டிவரும். சூடான தண்ணீரில் அந்த ஐந்தாறு நிமிடம்தான் மீனைக் கொல்கிறது. 6எக்ஸ் எல்லை, முடிந்தால் 5எக்ஸ்.

22ஆம் எண் முள்ளின் கண்ணில் (எண் ஏற ஏற முள் சின்னது) 5எக்ஸ் நுழைவதே சிரமம், நுழைந்தாலும் ஃப்ளை, அதாவது முள்ளில் கட்டிய போலிப் பூச்சி, விறைத்து நிற்கும். இதற்கு நல்ல வழி இரட்டை ட்ரைகோ. ஒரே 18ஆம் எண் முள்ளில் முன்னும் பின்னுமாக இரண்டு ஸ்பின்னர்களைக் கட்டுவது. விழுந்த பூச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதப்பது சகஜம் என்பதால் மீனுக்குச் சந்தேகம் வராது. கட்டுவது இப்படி: முள்ளின் பின்பாதியில் கறுப்பு நூலைச் சுற்றி, வாலுக்கு மைக்ரோஃபிபெட் என்ற மெல்லிய செயற்கை இழை மூன்றை முள்தண்டின் நீளத்துக்கு விரித்துக் கட்ட வேண்டும். மேலே வெள்ளை பாலி நூலைக் குறுக்கே வைத்து எட்டு வடிவத்தில் சுற்றினால் அது இறக்கை. இறக்கையின் அடியைச் சுற்றி மெல்லிய கறுப்பு டப்பிங்கை (நூலில் முறுக்கிச் சுற்றும் பஞ்சு) ஒரு மணி அளவுக்கு உருட்டினால் மார்பு. முன்பாதியில் வால் இல்லாமல் இதையே இன்னொரு முறை. இறக்கையைக் கத்தரிக்கும்போது தாராளமாக விடத் தோன்றும். விட்டால் வீசும்போது ஃப்ளை காற்றாடியாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். ஒவ்வொரு பக்கமும் முள்தண்டில் பாதி நீளம் போதும். முடிந்ததும் முள்முனைக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி மட்டமாக்கிவிட வேண்டும். ஆற்றில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் மீன் மேயத் தொடங்கிய பிறகு யாருக்கும் ஞாபகம் வராது.

இந்தச் சின்னக் கறுப்புப் புள்ளி 9 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஃப்ளையை வைத்துக்கொண்டு மீன் எடுத்ததா என்று ஊகிக்கக் கூடாது. வெள்ளையோ ஆரஞ்சோ கொண்டை வைத்த 16ஆம் எண் பாராசூட் ஃப்ளை ஒன்றை முதலில் கட்டி, அதன் முள் வளைவிலிருந்து 45 செ.மீ. நரம்பில் ட்ரைகோவைக் கட்டினால், கொண்டைக்கு அரை மீட்டர் வட்டத்துக்குள் மூக்கு தெரிந்ததும் கோலைத் தூக்கலாம். தூக்குவது என்றால் வெடுக்கென்று அல்ல. மீன் வாயை மூடி மூக்கைத் தாழ்த்தும் வரை பொறுத்து, லைன் இறுகும் அளவுக்கு மட்டும். இத்தனை சின்ன முள் சதையில் கொஞ்சம்தான் பதியும். வெடுக்கென்று இழுத்தால் மீனின் உதட்டுத் தோலோடு திரும்பி வரும்.

மீன் மறுக்கும்போது எல்லாரும் ஃப்ளையை மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றம் ஃப்ளையில் இல்லை. மேலே ஆயிரம் பூச்சி மிதக்கும்போது மீன் பக்கவாட்டில் 10 செ.மீ. கூட நகராது. தன் தடத்தில் வருவதை மட்டும், ஒரு தாளத்தில், நாலு விநாடிக்கு ஒன்று, ஐந்து விநாடிக்கு ஒன்று என்று எடுக்கும். எனவே கூட்டத்துக்கு மொத்தமாக வீசுவது வீண். ஒரே மீன், அதுவும் உங்களுக்கு மிக அருகில் ஓரத்தில் நிற்பது. தலைகளை எண்ணித் தாளம் பிடித்து, மீனுக்கு 60 செ.மீ. மேல்நீரில் ஃப்ளையை இறக்கி, அடுத்த தாளத்துக்கு அது மூக்கருகே வரும்படி விட வேண்டும். தாளம் தவறினால் ஃப்ளை கூட்டத்தைத் தாண்டிப் போகும் வரை பேசாமல் இருந்து பிறகு எடுக்க வேண்டும். மீனின் தலைக்கு மேலேயே பிடுங்கினால் அந்த வரிசை மொத்தமும் சில நிமிடம் வாயை மூடிக்கொள்ளும்.

அடுத்த காரணம் இழுப்பு. லைன் கிடக்கும் நீரும் ஃப்ளை கிடக்கும் நீரும் ஒரே வேகத்தில் ஓடாது. வேகமான நீர் லைனை இழுக்க, ஃப்ளை மற்ற பூச்சிகளோடு சேராமல் ஒரு மயிரிழை விலகி ஓடும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத இந்த விலகல் மீனுக்குத் தெரியும். எதிர்க்கரைப் பக்கம் பார்த்து, மீனுக்குச் சற்று மேல்நீரில் நின்று, வீச்சின் கடைசியில் கோலை மேல்நீர்ப் பக்கம் நீட்டிச் சாய்த்தால் லைன் மேலேயும் ஃப்ளை கீழேயும் விழும், மீன் முதலில் ஃப்ளையைத்தான் பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால் டிப்பட்டை 30 செ.மீ. நீட்டுவது, எக்ஸ் எண்ணை ஏற்றுவதை விடப் பலன் தரும். தடிமன் குறைவதால் கிடைக்கும் நெகிழ்வை நீளத்திலும் பெறலாம், வலு குறையாது.

தனியாகப் போகிறவருக்கு

தனியாகப் போவதில் ஆற்றின் தாளத்துக்கு உடம்பு சீக்கிரம் இணங்கிவிடும், பேச்சு இல்லாததால் கண் கூர்மையாகும். கூடவே சில பொறுப்புகளும் வரும். வழுக்குக் கல்லில் கால் போனால் கைகொடுக்க ஆள் இல்லை. தொடை நடுவுக்கு மேல் ஆழத்தில் இறங்க வேண்டாம். ஊன்றுகோல் கட்டாயம், அதை மேல்நீர்ப் பக்கம் ஊன்றி, ஒரு கால் உறுதியான பிறகே மறுகாலை நகர்த்த வேண்டும். ஆகஸ்டில் வேடர் என்ற நீர்புகாக் காற்சட்டை தேவையில்லை, சீக்கிரம் உலரும் காற்சட்டையும் பிடிமானமுள்ள ஆற்றுச் செருப்பும் போதும். எந்தத் துறையில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மீனை வலையில் ஏந்துவதிலும் தனி ஆளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அதிகம் யாரும் பேசுவதில்லை. கோல் 9 அடி, லீடர் 12 அடி. மீனைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் லைனும் லீடரும் சேரும் முடிச்சு கோல் நுனி வளையத்துக்குள் போயே தீர வேண்டும். அந்த நேரம் மீன் கடைசியாக ஓர் ஓட்டம் ஓடினால் முடிச்சு வளையத்தில் சிக்கி, டிப்பட் அறுந்துவிடும். கூட இன்னொருவர் இருந்தால் மூன்று மீட்டர் தள்ளியே அவர் ஏந்திவிடுவார், இந்தக் கேள்வியே எழாது. தனியாகப் போகிறவர் கண்ணிக்குக் கண்ணி கோக்கும் இணைப்பைத் தவிர்த்து, நெயில் முடிச்சாகப் போட்டு, மேலே பசை தடவி வழவழப்பாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே போவதும் வெளியே வருவதும் தடையில்லாமல் நடக்கும்.

மீன் மாட்டியதும் கோலை உயரத் தூக்கிப் பிடித்து நிற்பது படத்துக்கு அழகு, மீனுக்குக் கேடு. மேலே இழுத்தால் மீனின் தலை திரும்பாது, நேரம் நீளும். கோலைக் கிடையாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்தால் தலை திரும்பும், நீந்தும் தசைகள் சமநிலை இழக்கும், மீன் திசை மாறும்போது கோலையும் எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும். 5எக்ஸில் 40 செ.மீ. மீன் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். கடைசியில் மட்டும் கோலைப் பின்னால் உயர்த்தி, தலை நீர்மட்டத்துக்கு வந்ததும், ஏற்கனவே நீருக்குள் ஆழ்த்தி வைத்த வலைக்கு மேலே தலை முன்னே வரும்படி வழுக்கிக் கொண்டுவர வேண்டும். ரப்பர் வலை, நூல் வலை மீனின் வழவழப்பை உரித்துவிடும். மீன் வலையில், வலை தண்ணீரில், முள்ளை ஃபோர்செப்ஸால் பின்னோக்கித் தள்ளினால் எதிர்முள் இல்லாததால் ஒரு தள்ளில் வந்துவிடும். மீனைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

தூக்கக் கூடாது என்பதற்கு ஆதாரம் பழையது. 1992இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் இருவரும் ரெயின்போ ட்ரவுட்டைக் களைக்கும் வரை துரத்திவிட்டுப் பார்த்தார்கள். காற்றில் எடுக்காமல் விட்டவற்றில் 12 மணி நேரம் கழித்து 100க்கு 88 பிழைத்திருந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 28. ரத்தம் எடுப்பதற்காகக் குழாய் பொருத்திய ஆய்வக மீன்கள் அவை, ஆற்றில் இதே எண் வரும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அந்த மூன்று எண்கள் இறங்கும் வேகத்தைப் பார்த்த பிறகு, படம் எடுக்க மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தேடும் காட்சி பொறுக்க முடியாததாகிவிடுகிறது.

தண்ணீர் 20

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு. 10 மணி, 10:30. ஸ்பின்னர் குறைந்துவிட்டது, ஆனால் நின்றுவிடவில்லை. வரிசையில் இன்னும் இரண்டு மூன்று தலைகள் எழுகின்றன. புல்வெளியில் வெட்டுக்கிளி துள்ளத் தொடங்கிவிட்டது, பெரிய ஃப்ளை கட்டினால் கரையோரத்தில் பெரிய மீன் எழும் என்று எல்லாருக்கும் தெரியும். சட்டப்படி 2 மணி வரை நேரம் இருக்கிறது. தடை வராத வாரமானால் நாள் முழுக்க இருக்கிறது. தனியாக வந்தவரைப் போகலாம் என்று கூப்பிடவும் யாரும் இல்லை. இப்போது தெர்மாமீட்டரை இறக்க வேண்டும்.

அதற்கும் முறை இருக்கிறது. கரையோரத் தேங்கலில் வைத்தால் இரண்டு டிகிரி கூடக் காட்டும். ஓடை வந்து சேரும் வாயில் வைத்தால் குறைத்துக் காட்டும். ஓடும் நீரில், முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல், உடம்பின் நிழல் விழும்படி நின்று, இரண்டு நிமிடம் வைத்து, குமிழ் தண்ணீருக்குள் இருக்கும்போதே படிக்க வேண்டும். வெளியே எடுத்தால் காற்றும் ஈரமும் அளவை மாற்றிவிடும். வாங்கியதும் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் போட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு டிகிரி தவறு இங்கே பெரிய தவறு. விடிந்ததிலிருந்து மணிக்கு ஒரு முறை எடுத்திருந்தால் ஆறு ஏறும் வேகமும் கையில் இருக்கும். 7 மணிக்கு 17.5, 9 மணிக்கு 18, 10 மணிக்கு 19 என்றால் 11க்கு எங்கே நிற்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நீரளவு நிலையங்கள் பலவற்றில் நீரின் வெப்பமும் இணையத்தில் கிடைக்கும். முந்தின நாளின் வளைவைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அன்றைய நேரத்தைத் தோராயமாகத் திட்டமிடலாம்.

20 ஏன்? தண்ணீர் சூடேற ஏறப் பிராணவாயு குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வரை பிடிக்கும், 20 டிகிரியில் 9.1தான். மிசூலாவின் உயரத்தில் இதிலும் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரம் மீனின் உடல் எரிக்கும் வேகம் ஏறுகிறது, அதாவது வரவு குறையும்போதே செலவு கூடுகிறது. சும்மா நிற்கும் மீன் இதைத் தாங்கும். தூண்டிலில் மாட்டி உயிரைக் கொடுத்து ஓடிய மீனின் தசையில் சேரும் அமிலத்தைக் கரைக்க மணிக்கணக்கில் பிராணவாயு வேண்டும், அந்த மணிகளில்தான் தண்ணீர் 23ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. கையை விட்டு வாலை அடித்துக்கொண்டு போன மீனைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். அது மாலையில் எங்கோ ஒரு கல்லிடுக்கில் வெளிறிக் கிடந்தால் நமக்குத் தெரியப்போவதில்லை. ஃப்ளையைக் கவ்வியதாலேயே மீன் தெம்பாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கும் இதுதான் பதில். பசிக்கும் களைப்பிலிருந்து மீளும் திறனுக்கும் ஒரே எல்லை கிடையாது.

20 என்பது சுவர் இல்லை, 19.5இல் எல்லாம் நலம், 20.5இல் எல்லாம் சாவு என்று யாரும் சொல்லவில்லை. ரெயின்போ ட்ரவுட்டும் பிரவுன் ட்ரவுட்டும் 24, 25 வரை சில காலம் உயிரோடு இருக்கும். ஆனால் கிளார்க் ஃபோர்க்கில் அவை மட்டுமா இருக்கின்றன? இந்த ஆற்றின் சொந்த மீன் வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் ட்ரவுட். ரெயின்போ பசிபிக் கரையிலிருந்தும் பிரவுன் ஐரோப்பாவிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவை. மொன்டானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாதம் தொடர்ந்து வைத்துப் பார்த்தபோது ரெயின்போவின் தாங்கும் எல்லை 24.3 டிகிரியாகவும் கட்த்ரோட்டின் எல்லை 19.6ஆகவும் வந்தது. இரண்டுக்கும் வளர ஏற்ற சூடு ஏறத்தாழ ஒன்றே, 13 டிகிரியை ஒட்டி. குளிரில் சமமாக நிற்கிற இரண்டு மீன்களில் சொந்த ஊர்க்காரன்தான் சூட்டில் முதலில் விழுகிறான். உங்கள் ஃப்ளையை எடுக்கப்போவது எந்த மீன் என்று முன்கூட்டித் தேர்ந்தெடுக்க முடியாது. எனவே எண்ணை ரெயின்போவை வைத்து நிர்ணயிப்பது நியாயமில்லை. 23ஐ மூன்று நாள் தொட்ட பிறகு வரும் அரசு விதியிலும் எனக்குள்ள வருத்தம் இதுதான். பெரிய நிலப்பரப்புக்குப் பொதுவாக எழுதப்பட்ட விதி அது, குறைந்தபட்சம். ஆற்றில் நிற்பவரிடம் அதைவிடக் கூர்மையான கருவி சட்டைப்பையில் இருக்கிறது.

இன்னொன்றும் இந்த எண்ணைக் கறாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மேடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற மீன்வள அறிவியலாளர் செய்த ஆய்வுக்குப் பிறகு, தானாக இனம் பெருக்கும் ட்ரவுட் உள்ள ஆறுகளில் பண்ணைக் குஞ்சுகளை விடுவதை மொன்டானா 1974இல் நிறுத்தியது. பண்ணை மீனைக் கொட்டக் கொட்டக் காட்டு மீன் குறைகிறது என்று அவர் காட்டியிருந்தார். பெருமைப்பட வேண்டிய முடிவு. அதன் மறுபக்கம், இந்த ஆற்றில் சூட்டில் செத்த மீனுக்குப் பதில் எந்த லாரியும் வரப்போவதில்லை. மேல்நீரில் உள்ள ப்யூட் நகரத்தின் சுரங்கக் கழிவு நூறாண்டு படிந்து கிடந்த ஆறு இது. மிசூலாவுக்குச் சற்று மேலே ஆற்றின் குறுக்கே நின்ற மில்டவுன் அணையை 2008இல் உடைத்து, தேங்கியிருந்த நச்சு மண்ணை அள்ளி, மீன் மேலே ஏற வழிவிட்டார்கள். அத்தனை பணமும் உழைப்பும் போட்டு மீட்ட ஆற்றில் ஆகஸ்டு பிற்பகல்களை மீனுக்கு விட்டுக்கொடுப்பது ஒரு பெரிய தியாகமாக எனக்குத் தோன்றவில்லை.

தெர்மாமீட்டர் 20 காட்டியதும் சிலர் கோலைக் கழற்றாமல் ஓடை வாய்களைத் தேடிப் போவார்கள். குளிர்ந்த நீர் வந்து சேரும் இடத்தில் மீன் குவிந்திருக்கும், தண்ணீரும் 15, 16தான் காட்டும், கணக்குப்படி குற்றமில்லை. இதை மட்டும் செய்யவே கூடாது என்பேன். அந்த மீன்கள் அங்கே மேய வரவில்லை, மூச்சு வாங்க வந்திருக்கின்றன. தூண்டிலில் மாட்டி ஓடும்போது அந்தக் குளிர்ந்த திட்டைவிட்டுச் சூடான ஆற்றுக்குள்தான் ஓடும், களைத்த பிறகு திரும்பி வந்தால் இடம் வேறு மீனுக்குப் போயிருக்கும். 1998 முதல் மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் புல் ட்ரவுட்டும் இப்படிப்பட்ட வாய்களில்தான் ஒதுங்கும். தெரிந்தே அதற்குத் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் வரும்போது இந்தக் கணக்கெல்லாம் தளர்ந்துவிடும். ராத்திரி பூஜ்யத்தை நெருங்கும், ட்ரைகோ 11 மணிக்கு மேல்தான் விழும், நடுப்பகலிலும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். அப்போது சாயங்காலம் வரைகூட நின்று பிடிக்கலாம், 7எக்ஸும் கட்டலாம். எந்த மாதமானாலும் கிளம்பும்போது, ஓர் ஆற்றின் வேற்றுயிர்கள் இன்னோர் ஆற்றுக்குத் தொற்றாமலிருக்க, செருப்பு, வலை, கால்சட்டை எல்லாவற்றையும் கழுவி, நீரை வடித்து, அடுத்த ஆற்றில் இறங்கும் முன் முழுக்கக் காயவிட வேண்டும். 11 மணிக்கே கரையேறியவருக்கு அதற்கான வெயில் தாராளமாகக் கிடைக்கும்.